வாடையே இல்லை

அன்று காலையிலிருந்து மன்றத்தில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை.

அவளுக்கு முதலில் உறுத்தியது அதுதான். மீன் கம்பெனியின் குளிர்கிடங்கில் வேலை பார்ப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து இணையத்தில் வைத்திருந்த மன்றம் அது. நிர்வாகி அவள் ஒருத்திதான். கம்பெனி ஒரு முடிவை அறிவித்தால் போதும், விடிய விடிய வாய்த்தகராறு நடக்கும். விலக்கிவிட்டே அவள் கை ஓய்ந்துபோகும். இன்றைக்கு என்னவென்றால், எந்தப் பதிவைத் திறந்தாலும் கீழே ஒரே பதில். வேறு வேறு பெயர், வேறு வேறு படம், அதே வரி.

‘வாடையே இல்லை. எல்லாம் கம்பெனி நாடகம்.’

அந்த வரியை முதன்முதலில் எழுதியவள் அவள்தான்.

போன வாரம் கம்பெனி பழைய கிடங்கைப் பூட்டி முத்திரை வைத்தது. குளிரூட்டும் குழாயில் அமோனியா வாயு கசிகிறதாம், உள்ளே போனால் உயிருக்கு ஆபத்தாம். எலித்தொல்லை என்று கேன்டீனை மூடி, மறுமாதமே அந்த இடத்தை விற்ற புண்ணியவான்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? சூடு கண்ட பூனைகள் அத்தனை பேரும் மன்றத்தில் சீறினார்கள். அவள் எழுதிய வரி காட்டுத்தீயாய்ப் பரவியது.

குளிரூட்டும் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அண்ணன் ஒருவர்தான், “கசிவு நிஜம்மா. வால்வை நானே பார்த்தேன்” என்று எழுதினார். கைக்கூலி என்று பாய்ந்தார்கள். அவள் ஒரு தட்டுத் தட்டி அவரை வெளியேற்றினாள். ‘அண்ணன் சொல்றதையும் கேட்போமே’ என்றவர்களையும் களை பிடுங்குவதுபோல் பிடுங்கி எறிந்தாள்.

“என்ன தலைவியம்மா, இன்னைக்கு எத்தனை தலை உருண்டுச்சு?” என்று கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அவள் கணவன் சிரித்தான்.

ஆனால் கிடங்கைப் பூட்டியதற்கு முதல் நாள் அவன் போட்டிருந்த சட்டையைத் துவைத்தவளும் அவள்தானே. தலைக்குச் சாயம் பூசும்போது வருமே ஒரு நெடி, மூக்கின் உள்தோலைச் சுரண்டி, கண்ணின் ஓரத்தில் ஊசியாய் ஏறி, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளுமே, அந்த நெடி எத்தனை முறை அலசியும் போகவில்லை. சோப்பு மாற்றிப் பார்த்தாள். மன்றத்தில் மட்டும் சொல்லவில்லை.

இன்று மதியம், கிடங்கை விற்க விடமாட்டோம் என்று ஆண்கள் முத்திரையை உடைத்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவனும்தான். கொடியில் கிடந்த சட்டை காற்றில் அசைந்து நெடியை அவள் முகத்தில் வீசியது. போன் போட்டாள்.

“என்னங்க, உள்ள எப்படி இருக்கு?”

நீண்ட இருமல். பிறகு, “வாடையே இல்லை.”

“என்கிட்ட எதுக்கு நடிப்பு? வேலை போனா போகுது, கைகால் இருக்கு, பொழைச்சுக்கலாம். வெளிய வந்துருங்க.”

“எல்லாம் கம்பெனி நாடகம்.”

குரல் அவனுடையதுதான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து கேலி கலக்காமல் அவன் அவளிடம் ஒரு வாக்கியம் பேசியதில்லை. அவன் பின்னால் பல குரல்கள் அதையே சொல்லிக்கொண்டிருந்தன. ஒரே மூச்சில். ஒரே இடத்தில் நிறுத்தி.

மன்றத்தில் எழுதினாள். ‘நான் பொய் சொல்லிட்டேன். கசிவு நிஜம். எல்லாரும் உடனே வெளிய வாங்க.’

ஒரு கணம் இருந்தது. மறைந்தது.

‘இந்தப் பதிவு நிர்வாகியால் நீக்கப்பட்டது.’

மறுபடி எழுதினாள். நீக்கப்பட்டது. மறுபடியும். நிர்வாகி அவள். அவள் மட்டும்தான்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். “அங்கேருந்து வரிசையா போன் வருதேம்மா, வாடையே இல்லையாமே. முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணுங்க” என்று வைத்துவிட்டார்கள்.

மெக்கானிக் அண்ணன் வந்து சொன்னால் கேட்பார்கள். அவர் எண்ணைத் தேடி அழைத்தாள். எடுத்தது அவர் மனைவி.

“அண்ணி, அண்ணனைக் குடுங்க. கால்ல விழறேன்.”

“அவரும் அங்கதான் போயிருக்காரு. நீ தள்ளி வச்சதிலிருந்து ஒருத்தரும் அவர்கிட்ட முகம் குடுத்துப் பேசலையே. ஊரோட ஒத்துப் போயிடறேன்னு கிளம்பிட்டாரு. இப்ப நிம்மதியா உனக்கு?”

செருப்பு மாட்டக்கூட நிற்காமல் ஓடினாள். தெரு இருட்டத் தொடங்கியிருந்தது. கிடங்கின் கனத்த இரும்புக் கதவு ஒருக்களித்திருந்தது. நெடி முகத்தில் அறைந்தது. முந்தானையால் மூக்கை அழுத்திப் பிடித்தாள். கண்ணில் நீர் கொட்டியது.

எந்திரச் சத்தம் இல்லை. பேச்சு இல்லை.

ஒரே ஒரு சத்தம். மழைத்தூறல்போல. டப். டப். டப்.

உள்ளே சுவரோரமாய் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் செல்போன். முகங்களில் நீல வெளிச்சம். கண்கள் திறந்திருந்தன. யாரும் இமைக்கவில்லை. யாருடைய மார்பும் ஏறி இறங்கவில்லை. கட்டைவிரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

நடுவில் அவன்.

“என்னங்க! எழுந்திருங்க!”

கையைப் பிடித்து இழுத்தாள். ஐஸ் கட்டி. விறைத்த கை. அவள் பிடிக்குள்ளேயே அந்த விரல் துடித்தது. தட்டத் தேடியது.

முதலில் மெக்கானிக் அண்ணன் அசைந்தார். தலை நிமிராமல். அடுத்தவர். அதற்கடுத்தவர். எல்லாரும் ஒரே அளவு.

நகர்ந்தார்கள்.

அவள் கணவனுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு, இடம் காலியானது.