கிளட்ச் கேபிளை அறுத்தது யார்?

சனிக்கிழமை காலை. பூஞ்சேரி கூட்டு ரோட்டில் சிக்னல் பச்சைக்கு மாறியது. அம்மா கியர் போடுவதற்காகக் கிளட்சை மிதித்தார். ‘டப்’ என்று ஒரு சத்தம். மிதி அப்படியே தரையோடு படுத்துக்கொண்டது. காலை எடுத்த பிறகும் எழுந்து வரவில்லை.

“போச்சு,” என்றார் அம்மா.

பின்சீட்டிலிருந்து கவியா எட்டிப் பார்த்தாள். “மறுபடியுமா?”

“மறுபடியும்.”

பின்னால் நின்ற லாரி ‘பாம்... பாம்...’ என்று அலறியது. கவியாவின் தம்பி ஷ்யாமும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “பாம்... பாம்...” என்று லாரிக்குப் பதில் சொன்னான். அவன் யூ.கே.ஜி. அவனுக்கு எல்லாமே விளையாட்டு.

சாலையோரச் சிற்பக் கூடத்திலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் கல்தூசி. காரை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

“கிளட்ச்சு மேலயே கால வச்சிகினு ஓட்டாதக்கா. அப்பால கேபிள் அறுந்துகினேதான் இருக்கும்,” என்றார் ஒருவர். நல்ல மனதோடுதான் சொன்னார்.

“சரிப்பா, ரொம்ப தேங்க்ஸ்,” என்றார் அம்மா. ஆனால் அவருடைய முகம் சுண்டிப்போனதைக் கவியா பார்த்துவிட்டாள்.

கவியாவின் அம்மா பிரபாவதி ஒரு பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், கால் உடைந்தவர்கள் என்று வீடு தேடிப் போய் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பார். அதற்காகத்தான் இந்த வெள்ளைக் காரை வாங்கினார். கவியாவைவிட வயதில் மூத்த கார். கதவோரம் முழுக்கத் துரு. போன வருடம்தான் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

அம்மா போனை எடுத்துக் கடப்பாக்கத்தில் தனக்காகக் காத்திருந்த நோயாளிக்குப் பேசினார். “கன்னியம்மா, இன்னிக்கு வர முடியல. வண்டி மக்கர் பண்ணிடுச்சு.”

“அப்டியா? நீ வருவேன்னு காலைலேர்ந்து வாசலையே பாத்துகினு கீறேன்,” என்றது போனில் ஒரு குரல். “பரவால்ல போ. நான் எங்க ஓடிப்போறேன்?”

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மெக்கானிக் மோசஸ் பைக்கில் வந்து சேர்ந்தார். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“இன்னாக்கா இது, மூணாவது கேபிளு! கொஞ்சம் பாத்து மிதிக்கா.”

அன்று மாலை, ஓட்டல் வரவேற்பறை வேலை முடிந்து அப்பா தாமோதரன் வீட்டுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

“வித்துடலாம் பிரபா. உனக்கு அந்தக் கிளட்ச் பிடிபடல. பஸ்லயே போ.”

“அப்பா, உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டாள் கவியா.

“தெரியாது. ஆனா கிளட்ச்ச பத்தித் தெரியும்.”

வழக்கமாக அம்மா இதற்கு நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்று, “சரி, அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வாங்கற ஆளக் கூட்டினு வாங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மாவின் கால் அந்தத் தப்பைச் செய்யவில்லை என்று கவியாவுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது கேபிள் அறுந்தபோதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருநாள் மதுராந்தகம் போகும்போது, முன்சீட்டுகளுக்கு நடுவில் தலையை நுழைத்து, வழி முழுக்க அம்மாவின் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒவ்வொரு முறை கியர் மாற்றியதும் அந்தக் கால் சமர்த்தாகக் கீழே இறங்கி, மிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அப்படியென்றால் கேபிளை அறுத்தது யார்?

திங்கள்கிழமை பள்ளி விட்டதும் நேராக மோசஸின் ஷெட்டுக்குப் போனாள்.

“மோசஸ் மாமா, அறுந்த கேபிள் மூணும் இருக்குதா?”

“அந்த டின்னுல கெடக்கும். உனக்கு எதுக்கு பாப்பா அது?”

“சும்மா பாக்கத்தான். கிளட்ச் கேபிள் இன்னா வேலை செய்யும்?”

மோசஸ் அவளுடைய சைக்கிளைக் காட்டினார். “பிரேக் புடிச்சா ஒரு கம்பி இழுக்குது இல்ல? அதே மாதிரிதான். உங்கம்மா மிதிய அழுத்துனா இந்தக் கேபிள் இழுக்கும். என்ஜினும் சக்கரமும் தனித்தனியாப் பிரியும். அப்ப கியர் மாத்தலாம். கால எடுத்தா ரெண்டும் திரும்ப ஒண்ணா சேந்துக்கும்.”

கவியா டின்னைக் கிளறி மூன்று கேபிள்களையும் எடுத்துத் தரையில் பக்கம் பக்கமாக வைத்தாள். குனிந்து பார்த்தாள். அப்புறம் மண்டியிட்டே பார்த்தாள்.

மூன்றும் ஒரே இடத்தில் அறுந்திருந்தன. அந்த இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் உறை கொப்பளித்து, வழிந்து, மறுபடி இறுகிப் போயிருந்தது.

“மாமா, ரொம்ப மிதிச்சா கேபிள் அறுந்துபோவும். சரி. ரொம்ப மிதிச்சா உருகுமா?”

மோசஸ் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். கேபிள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ஜின் சூடா இருக்கும் பாப்பா.”

“இந்த இடம் என்ஜின தொட்டுகினு இருக்குமா?”

“இல்ல. தள்ளிதான் இருக்கும்.”

“சனிக்கிழமை நாங்க வீட்லேர்ந்து கொஞ்ச தூரந்தான் வந்தோம். அதுக்குள்ள என்ஜின் எவ்ளோ சூடாயிருக்கும்?”

மோசஸ் காதைச் சொறிந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கவியாவுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அம்மா சாவியைத் திருப்பும்போதெல்லாம் ஷ்யாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, “வடை தீயுது!” என்பான். அவனுக்கு எப்போதும் வடை நினைப்பு என்று எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் என்ஜின் ஓடவே தொடங்காதபோது தீய்கிற வாசனை எங்கிருந்து வருகிறது?

அன்று மாலையே மோசஸ் புதுக் கேபிள் போட்டுக் காரைக் கொண்டுவந்து விட்டார்.

மறுநாள் காலை கவியா அம்மாவிடம் போனாள். “அம்மா, வண்டிய விக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை செஞ்சு பாக்கலாமா? எனக்கு உன் உதவி வேணும்.”

அம்மா வேண்டா வெறுப்பாகத்தான் வந்தார். கவியாவின் கையில் சிவப்பு கிரேயான் இருந்தது. அதை இரண்டு துண்டாக ஒடித்தாள். அவள் சொன்னபடி அம்மா பானெட்டைத் திறந்து, ஒரு துண்டைப் பிசைந்து கிளட்ச் கேபிள் மேல் ஒட்டினார். இன்னொன்றைப் பக்கத்திலிருந்த வேறொரு கம்பி மேல் ஒட்டினார். இரவெல்லாம் வெளியில் நின்ற கார். எல்லாம் ஜில்லென்று இருந்தது.

கவியா ஷ்யாமைப் பிடித்துக்கொண்டு கேட் பக்கம் தள்ளி நின்றாள். “அம்மா, கிளட்ச்சுல கால வெக்காத!”

அம்மா ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியர் எதுவும் விழாமல் பார்த்துக்கொண்டு, இரண்டு கால்களையும் ஒதுக்கி வைத்துச் சாவியைத் திருப்பினார்.

“உர்ர்... உர்ர்ர்... உர்ர்ர்...”

தூக்கம் கலையாத ஆள்போல என்ஜின் முனகியது. நீண்ட நேரம் கழித்துத்தான் ஓடத் தொடங்கியது.

“வடை தீயுது!” என்றான் ஷ்யாம்.

அம்மா என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். மூவரும் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக் கம்பியில் கிரேயான் ஒட்டியபடியே இருந்தது. கேபிள் மேல் ஒட்டிய துண்டைக் காணோம். சிவப்பாக ஒரு கோடு மட்டும் கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

“ஐயோ, என் சிவப்பு!” என்று ஷ்யாம் அழ ஆரம்பித்தான்.

அம்மா கேபிளையே பார்த்துக்கொண்டு நின்றார். “நான் கிளட்ச்சுல கால் வெக்கவே இல்லியே கவி,” என்றார் மெதுவாக.

“அதான்ம்மா. உன் கால் இல்ல.”

அம்மா உடனே போனை எடுத்தார். “மோசஸ், கொஞ்சம் வூட்டுக்கு வா. இப்பவே வா.”

மோசஸ் வந்து பார்த்தார். கிரேயான் கோட்டைப் பார்த்தார். கேபிளைப் பார்த்தார். “இதுல எப்டி சூடு ஏறுது? ஒண்ணும் புரியலியே,” என்றார்.

கவியா அவர் பக்கத்தில் நின்று பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம்தான் ஆறாம் வகுப்பில் ஸ்ரீதேவி டீச்சர் பேட்டரியும் பல்பும் வைத்துப் பாடம் நடத்தினார். ஒரு ஒயர் மட்டும் இருந்தால் பல்பு எரியவில்லை. இரண்டாவது ஒயரைத் தொட்டதும்தான் எரிந்தது. கரன்ட் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும் என்றார் டீச்சர்.

“மாமா, சாவிய திருப்புனா என்ஜின சுத்திவுடறது எது?”

“செல்ஃப் மோட்டாரு. அதோ, என்ஜின்லயே மாட்டியிருக்குது பாரு.”

“பேட்டரியிலேர்ந்து அதுக்கு ஒரு ஒயர்தான் போவுது. கரன்ட் திரும்பி எப்டி வரும்?”

“காரோட பாடியே இன்னொரு ஒயர் மாதிரி, பாப்பா. பேட்டரியோட இன்னொரு முனைய பாடியிலதான் முடுக்கியிருக்கோம்.”

“என்ஜின் பாடிய தொட்டுகினு இருக்குதா?”

“இல்ல, நடுவுல ரப்பர் கீது. இல்லாட்டி வண்டி பூரா ஆடும்.”

“ரப்பர்ல கரன்ட் போவாதே?”

“போவாதுதான். அதுக்குத்தான் என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு செம்புப் பட்டை...”

மோசஸ் பாதியில் நிறுத்தினார். திறந்த வாய் மூடவில்லை. அடுத்த நிமிடம் ஒரு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் புகுந்துகொண்டார். வெளியே இரண்டு செருப்புகள் மட்டும் தெரிந்தன.

“அடச்சே! கடக்காத்து துன்னுட்டு கீது!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் வெளியே வந்தபோது கையில் ஒரு துண்டுப் பட்டை இருந்தது. உப்புக்காற்றில் பச்சையாகப் பூத்து, தொட்டாலே உதிர்ந்தது.

கவியா கண்களை அகலமாக விரித்தாள். “அப்போ கரன்ட்டுக்குத் திரும்பி வர வழியே இல்ல! கிளட்ச் கேபிள் ஒரு பக்கம் என்ஜின்லயும் ஒரு பக்கம் பாடியிலயும் மாட்டியிருக்கு. அதனால அது வழியா ஓடியிருக்கு!”

“அம்மாம் கரன்ட்ட அந்தக் கேபிள் எப்டித் தாங்கும்? வெந்து வெந்து அறுந்துபோச்சு,” என்றார் மோசஸ். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். “யக்கா, நான் மூணு தபா கேபிள மாத்துனேன். ஏன் அறுந்துச்சுன்னு ஒரு தபா கூடப் பாக்கல. உன் காலு மேல பழியப் போட்டுட்டேன்.”

“பரவால்ல. என் கால் உன்ன மன்னிச்சிடுச்சு,” என்றார் அம்மா. சனிக்கிழமைக்குப் பிறகு அம்மா சிரித்தது அப்போதுதான்.

மோசஸ் புதுப் பட்டையை மாட்டினார். மறுபடி சோதனை செய்ய ஒரு கிரேயான் தேவைப்பட்டது. ஷ்யாம் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தான். கடைசியில் சாம்பல் நிறத்தைக் கொடுத்தான். “இது யாருக்கும் வேணாம். யானை மட்டுந்தான் வரையலாம்.”

அம்மா சாவியைத் திருப்பினார். முனகல் எதுவும் இல்லை. ‘டுர்’ரென்று ஒரே பிடியில் என்ஜின் கிளம்பியது. சாம்பல் கிரேயான் ஒட்டிய இடத்திலேயே இருந்தது. வடை வாசனை வராததால் ஷ்யாம் மட்டும் கொஞ்சம் ஏமாந்துபோனான்.

அன்று மாலை அப்பாவிடம் கவியா நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். அப்பா உருகிய கேபிளையும் பச்சைப் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பிரபா, கிளட்ச்ச பத்தித் தெரியும்னு சொன்னேன் இல்ல?”

“ம்.”

“தெரியாது.”

ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தவரை அப்பாவே போனில் கூப்பிட்டு, கார் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கார் எங்கும் நிற்காமல் கடப்பாக்கம் போய்ச் சேர்ந்தது. கன்னியம்மாவின் வீட்டு வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அவருக்குப் பக்கவாதம் வந்து ஆறேழு மாதம் ஆகிறது. அதற்கு முன்பு வரை மீன்கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாகப் போய் விற்றவர்.

பயிற்சி முடிந்ததும் கன்னியம்மா கவியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஓர் அடி வைத்து, நின்று, அடுத்த அடி வைத்து, வாசல் வரைக்கும் நடந்துவிட்டார். அங்கே நின்ற வெள்ளைக் காரை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுல குந்திகினு ஒரு சுத்து போய் வரலாமா, பிரபா? வூட்டுக்குள்ளயே கெடந்து பேஜாரா கீது.”

அம்மா அவரை முன்சீட்டில் பக்குவமாக உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினார். கவியாவும் ஷ்யாமும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ஆலம்பரைக் கோட்டைக்குப் போகும் சாலையில் கார் மெல்ல மெல்ல ஊர்ந்தது. கன்னியம்மாவுக்கு உடம்பு குலுங்கிவிடக் கூடாது என்று அம்மா ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

ஜன்னல் வழியாகக் கடல்காற்று வந்தது. கன்னியம்மாவின் நரைமுடி பறந்து முகத்தில் விழுந்தது. அவர் அதை ஒதுக்கவில்லை. காரின் மெதுவான போக்கைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் அவரால் முடியவில்லை.

“இன்னாம்மா, சாமி ஊர்கோலமா போவுது? வேகமாப் போ!”

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். கிளட்சை மிதித்து மூன்றாவது கியருக்கு மாற்றினார்.