வெள்ளத்தாய் மகனின் எறும்பு

"எம்மகன் எறும்பக் காணோம்யா," என்றாள் வெள்ளத்தாய்.

சமுத்திரம் சிரிக்கப் போனவர், சோலைச்சாமியின் முகத்தைப் பார்த்து அதை இருமலாக மாற்றிக்கொண்டார். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சோலைச்சாமிக்குத் துப்பறியும் உதவியாளராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர் அவர். மதுரையில் வாங்கிய பூதக்கண்ணாடிதான் ஒரே தகுதி.

வெள்ளத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அவள் புருஷன் சோலைச்சாமியின் கீழ் கான்ஸ்டபிளாக இருந்து செத்தவன். இன்ஜினியரிங் படித்த ஒரே மகன் தவசிமுத்துவும் மஞ்சள்காமாலையில் போய்விட்டான்.

"ஹாஸ்டல்ல பெட்டியக் குடுத்தாவ. எறும்பு மட்டும் இல்ல. அத காலேஜ் லேப்புல வச்சிருந்தானாம். தீப்பெட்டி அளவு எந்திரம், ஆறு காலு, தானா நடக்கும். லீவுல வந்தப்ப ஓடவிட்டான். குத்துவிளக்குல முட்டுச்சு. விலகிப் போகாம, விளக்க வலப்பக்கம் வச்சுச் சுத்திச் சுத்தி வந்துச்சு. 'கும்புடத் தெரிஞ்ச எறும்பும்மா'ன்னான். அவன் கையால செஞ்சதுன்னு எனக்கு அது ஒண்ணுதான்யா."

"லேப் அட்டெண்டர்தான்! சாவி அவங்கிட்டதான இருக்கும்?" என்று துள்ளினார் சமுத்திரம்.

"செத்த நேரம் சும்மா இரும்யா."

அந்த வாரமே தவசிமுத்து படித்த கல்லூரியில் விழா. மூவரும் போயிருந்தார்கள். பேராசிரியர் டாக்டர் கண்ணபிரான் தாம் படைத்த எந்திர எறும்பை வெளியிட்டார். பேனரில் அவருடைய பட்டங்கள் போக எறும்புக்கு இடமில்லை. மேசைமேல் அது நேர்கோட்டில் நடக்க, கோட் சூட்டுக்குள் வியர்த்தபடி, "என் பல்லாண்டுத் தவம்," என்றார்.

சோலைச்சாமி மேடையேறினார். "சார், ஒரு சந்தேகம். ஆறு கால் எந்திரம் யாரும் செய்யலாம். குறுக்க ஏதாச்சும் வந்தா இது என்ன செய்யும்?"

"பூச்சிகளின் இயல்புப்படி பின்வாங்கி ஓடும். அப்படித்தான் வடிவமைத்தேன்."

சோலைச்சாமி தண்ணீர் டம்ளரை எறும்பின் முன் வைத்தார். அதன் கம்பி மீசை டம்ளரைத் தொட்டது. எறும்பு இடப்பக்கம் திரும்பி, டம்ளரை வலப்பக்கம் வைத்து ஒரு சுற்று வந்தது. பிறகும் நிற்கவில்லை.

"வலது மீசை உரசிக்கிட்டே போற மாதிரி தவசிமுத்து கம்பி கட்டியிருக்கான். கோயிலச் சுத்தி வளந்த பய செஞ்ச வேலை," என்றார் சோலைச்சாமி. "அட்டெண்டர் எடுத்திருந்தா ஒளிச்சு வச்சிருப்பான். மேடையேத்திப் பேரு வாங்க உங்களுக்குத்தான முடியும், டாக்டர்?"

கண்ணபிரானின் முகம் வெளுத்தது. ஆனாலும் மைக்கை விடவில்லை. "தவசிமுத்து நினைவாக ஒரு சுழற்கோப்பை..."

வெள்ளத்தாய் அதைக் கேட்கவில்லை. மேசையருகே போய் நின்று எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டெண்டர் அதை நிறுத்தக் கை நீட்டினான்.

"செல் தீந்துரும்மா."

"தீரட்டும்யா. அவன் போட்ட செல்லு. தீருத மட்டும் பாத்துட்டு எடுத்துட்டுப் போறேன்."

எறும்பு தளர்ந்தது. எந்த வாட்ச் கடையிலும் புது செல் கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்த சமுத்திரம், அதைச் சொல்லாமல் விட்டார்.