உதற வந்த இடம்

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. இலோயிலோ நகரில் தென்மேற்குப் பருவமழை விடியற்காலை முதல் ஓயாது பெய்துகொண்டிருந்தது. பிற்பகலிலேயே சாலை விளக்குகள் எரிந்தன.

சாவு வீட்டிலிருந்து புறப்பட்ட காருக்குள் எச்சரிக்கை மணி ஒலித்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் அணியவில்லை என்பது அதன் பொருள். அந்த இருக்கையில் எவரும் இல்லை. உடன் வந்த அலுவலக ஊழியை ஜெம்மா, சொட்டும் குடையோடு பின்னால் அமர்ந்திருந்தாள். காரை ஓட்டிய ரெனான்டே மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவன். அவன் கையை நீட்டி, வெற்று இருக்கைக்குப் பெல்ட்டை மாட்டினான். மணி அடங்கியது.

சவப்பெட்டியில் கிடந்தவர் ஒனோஃப்ரே. மருத்துவமனையின் தரவுத்தளத்தை நெடுங்காலம் பராமரித்தவர். முதன்மை சர்வருக்கு மட்டும் புதிய பதிப்பை ஏற்றி, அதன் இணை சர்வரைப் பழைய பதிப்பிலேயே விட்டதும், நினைவகம் முழுவதையும் தரவுத்தளத்துக்கே ஒதுக்கியதும் ரெனான்டேயின் ஆணைகள். "ரெண்டும் ஒத்துப்போகாது சார், மெஷினே ஒறஞ்சு நின்னுடும்" என்று ஒனோஃப்ரே எச்சரித்திருந்தார். உறைந்தது. பழி ஒனோஃப்ரேயின் மீது விழுந்தது. ரெனான்டே அதை விழவிட்டான். உறக்கமின்றி அதைச் சரிசெய்ய முயன்றவரின் இதயம், சர்வர் அறை நாற்காலியிலேயே நின்றுபோயிற்று.

விடைபெறுகையில் அவருடைய மனைவி ஃபெலிசா, ரெனான்டேயின் கையை விடாமல் பற்றியிருந்தாள். "வழியில எங்கயும் நிக்காதீங்க சார். நேரா வீட்டுக்கே போங்க. உங்க சம்சாரத்துக்கு எட்டு மாசமாமே" என்றாள் தாழ்ந்த குரலில்.

அருகிலிருந்த பெண்கள் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார்கள். அந்த ஊரில் சாவு வீட்டிலிருந்து ஒருவரும் நேரே வீடு திரும்புவதில்லை. வழியில் ஓரிடத்தில் நின்று, ஒட்டி வந்ததை அங்கேயே உதறிவிட்டுத்தான் போவார்கள்.

"பாச்சோய் கடையில நிறுத்துங்க சார். ஆளுக்கொரு கிண்ணம் சூப்பு குடிச்சுட்டுப் போயிடலாம்" என்றாள் ஜெம்மா.

அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. வார்டுகளின் திரைகள் அனைத்தும் மீண்டும் உறைந்துவிட்டன.

"அங்கயே போவோம். அங்கயே உதறிட்டா ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சுது."

"அது ஒனோஃப்ரே அண்ணனோட எடம் சார். அவரு வீட்டுலயே கொண்டுபோய் விட்டா, அப்புறம் யாரு யாரை வெளிய அனுப்புறது?"

"இந்த அறிவை வேலையில காட்டும்மா. நீ வார்டுக்குப் போய் நர்சுங்களைச் சமாளி."

சர்வர் அறைக்குள் அவன் தனியே நுழைந்தான். குளிர்காற்றின் இரைச்சலும், நூறு சிறு விசிறிகளின் ரீங்காரமும், சூடேறிய தூசியின் காய்ந்த வாடையும் அவனுக்குப் பழகியவையே. ஆயினும் அவற்றுக்கு அடியில் உருகிய மெழுகின் மணமும், சாவு வீட்டு மலர்கள் அழுகத் தொடங்கும்போது எழும் இனிய நாற்றமும் மெல்லக் கசிந்துகொண்டிருந்தன. தன் சட்டையோடு வந்திருக்கும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

உறைவதற்குக் காரணமே இல்லை. ஒனோஃப்ரே இறந்த மறுநாள், அவர் சொன்னவாறே இரு பதிப்புகளையும் அவன் ஒன்றாக்கியிருந்தான். நினைவகத்துக்கு வரம்பும் இட்டிருந்தான். ஆனால், அதைப் பற்றி எவரிடமும் மூச்சுவிடவில்லை.

இணைப்புகளின் பட்டியலைத் திறந்தான். நூற்றுக்கணக்கான இணைப்புகள் காத்துக்கிடந்தன. அவை அனைத்தையும் ஒரே ஓர் இணைப்பு மறித்து நின்றது. பயனர்: ஒனோஃப்ரே. இடம்: இதே அறை.

அந்தப் பெயரைப் பயனர் பட்டியலிலிருந்து நீக்கியது அவனேதான்.

இணைப்பைத் துண்டித்தான். வந்தது. மறுபடியும் துண்டித்தான். மறுபடியும் வந்தது. பின்னால் இருந்த நாற்காலியின் சக்கரம் சற்றே உருண்டது. அவன் திரும்பவில்லை.

"என்னைய என்ன பண்ணச் சொல்ற? செத்தது நீ. இங்க உனக்கு எடம் கெடையாது. போ."

மருத்துவமனைக்குள்ளிருந்து அந்தப் பெயர் நுழையக்கூடிய வழிகள் அனைத்தையும் அடைத்தான். கடைசி விசையை அழுத்தினான்.

மெழுகு மணம் அறுந்தது. காத்துக்கிடந்த இணைப்புகள் மடமடவென நகரத் தொடங்கின. அவன் மூச்சு விட்டான். உதறியாயிற்று.

பட்டியலில் ஒரு வரி முளைத்தது.

பயனர்: ஒனோஃப்ரே. இடம்: ரெனான்டேயின் வீட்டு மடிக்கணினி.

மனைவியை அழைத்தான்.

"மெலனி, லேப்டாப்ல யாரு?"

"என்ன வெளையாட்டு இது? நீதானே தொறந்து வச்சுட்டு ஒக்காந்திருக்க. இப்பத்தான் வந்த. ஒரு வார்த்தை பேசல. சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட... துண்டு எடுத்துட்டு வரேன், இரு."

"மெலனி. அது நான் இல்ல."

மழையோசை. அவன் வீட்டுக் கூரையின் மழையோசை.

"அப்ப..." அவள் குரல் தாழ்ந்தது. "முதுகுதான் தெரியுது. ரெனான், நீ எங்கேருந்து பேசுற?"

"வெளிய போ. உடனே. வெளிய..."

தொலைபேசிக்குள் நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. ஈரக் காலடி. இன்னொன்று. மெலனியின் மூச்சு மட்டும். பிறகு அதுவும் இல்லை.

கதவருகே ஜெம்மா சிரித்தபடி எட்டிப்பார்த்தாள்.

"எல்லா வார்டுலயும் வந்துடுச்சு சார். நீங்க நிம்மதியா வீட்டுக்குக் கெளம்பலாம்."

திரையில் அந்த ஒற்றை வரி மட்டும் அசையாமல் நின்றது. மணி மாலை ஐந்து நாற்பத்தேழு.