சிவப்புக்குத் துணை

சிவப்புக் காய் மறுபடியும் நடுவில் இருந்தது.

அழுக்கு உடுப்புக் கூடையை இடுப்பில் அணைத்தபடி றோஸ்மேரி பேஸ்மென்ற் படியின் கடைசியில் நின்றாள். முந்தின நாள் ஆட்டம் முடிந்ததும் காய்களையெல்லாம் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு மூடியவள் அவள்தான். மூடி இறுக்கமானது. உள்ளங்கையால் தட்டித் தட்டித்தான் மூட வேண்டியிருந்தது. ரின் இப்போதும் மூடியபடி அலமாரியில் இருந்தது. விரலால் காய் சுண்டி ஆடும் கரம் பலகையில் மட்டும், நடு வட்டத்துக்குள், கடித்த உதட்டில் துளிர்த்த இரத்தம் போல அந்த ஒற்றைக் காய்.

அன்புராசா அண்ணையின் பகிடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் நினைக்க விரும்பினாள். காயை எடுத்தாள். சூடாக்கும் ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருந்த அந்த அறையில், வெயிலில் கிடந்ததுபோல எல்லாமே இளஞ்சூடாய் இருக்க, காய் மட்டும் குளிர்ந்திருந்தது. ரின்னைத் திறந்து உள்ளே போட்டு, மறுபடியும் தட்டித் தட்டி மூடினாள். விமான நிலையத்துக்குப் பக்கத்து ரெக்ஸ்டேல் வீடுகளின் கூரையை உரசுவதுபோல் ஒரு விமானம் இறங்கிப் போனது. வந்த நாளிலிருந்து கேட்கும் சத்தம்தான். என்றாலும் உடம்பு இன்னமும் பதுங்கு குழியைத் தேடியது.

இதை யாரிடமும் கேட்கக் கூடாது என்று தீர்மானித்தாள். புதிதாக வந்த வீட்டில் கேள்வி கேட்பவளை யாருக்கும் பிடிக்காது. அவள் இந்த வீட்டுக்குப் பிடித்தவளாக இருந்தாக வேண்டும்.

கலியாணம் ரெலிபோனிலேயே பேசி முற்றானது. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து அடுத்த வருடம். தாயும் தம்பியும் அவளுமாகக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். மாப்பிள்ளை நீக்கிலாஸ் மனைவியை இழந்தவர். முதல் மனைவி ஜசிந்தா இருதய நோயில் போய்விட்டாளாம். பேசியது அவருடைய அக்கா எமில்டா. சமைக்கத் தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. இங்கிலிஷ் தெரியுமா என்றும் கேட்கவில்லை.

"பிள்ளைக்குக் கரம் விளையாடத் தெரியுமோ?"

அம்மா சிரித்துவிட்டாள். "குருநகரில இவளை வெல்ல ஆளில்லை. கரண்ட் இல்லாத காலம் முழுக்க விளக்கை வைச்சுக்கொண்டு உதுதானே வேலை."

"சிவப்பைப் போட்டால் துணைக்குப் பின்னுக்கு ஒண்டு போடுவாவோ?"

"ஒருநாளும் விட்டதில்லை."

மறுமுனையில் எமில்டா, "அப்ப சரி" என்றாள்.

தம்பி இன்னும் அந்த லொட்ஜில்தான் இருந்தான். ஆமியும் பொலிசும் சோதனை என்று வந்து இளந்தாரிகளை ஏற்றிக்கொண்டு போகிற காலம். தம்பியை இங்கே கூப்பிட ஒழுங்கு செய்வதாக நீக்கிலாஸ் சொல்லியிருந்தார். கலியாணம் முடியட்டும் என்றும் சொல்லியிருந்தார். அதனால்தான் றோஸ்மேரி எல்லாவற்றுக்கும் சிரித்தாள்.

சனிக்கிழமைகளில் பின்னேரம் நான்கு பேரும் கீழே இறங்குவார்கள். அவளுக்கு ஒதுக்கிய இடம் ஃபர்னஸுக்கு முதுகு காட்டும் கதிரை. அதன் குஷனில் வேறொருத்தி உட்கார்ந்து உட்கார்ந்து பதித்த பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் தன் உடம்பு பொருந்திப்போவதை அவள் ஒவ்வொரு முறையும் அருவருப்போடு உணர்ந்தாள். நேரே எதிரே நீக்கிலாஸ். வலப்புறம் எமில்டா. இடப்புறம் எமில்டாவின் புருசன் அன்புராசா. பவுடர் வாசமும், உலரும் துணிகளின் ஈர வாசமும், இவற்றுக்கடியில் பெயர் சொல்ல முடியாத ஒரு புளித்த வாசமும் அங்கே நின்றன. நன்றாக விளையாடும்போது மட்டும் அவளுக்கு வாசங்கள் மறந்துபோகும்.

"டேய் மச்சான், வந்து முதல் கிழமையே எங்களை வெளுத்து வாங்கிறா," என்றான் அன்புராசா. "நாலாவது கைக்கெண்டு ஸ்பொன்சர் பண்ணினது வீண்போகேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தாள். மூவருமே கைதேர்ந்தவர்கள். ஆனால் சிவப்பை யாரும் குறிவைப்பதில்லை. குழியின் வாயில் அது நின்றாலும் சுற்றிப் போய் வேறு காயை அடித்தார்கள். தூங்கும் நாயைத் தாண்டுவதுபோல ஸ்ரைக்கர் அதைத் தாண்டியது. ஒருநாள் அவள் அதைக் குறிபார்த்து விரலை மடக்கியபோது, எமில்டாவின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு நோகப் பிடித்தது.

"உது இப்ப இல்லைப் பிள்ளை. கோயில்ல கலியாணம் முடியட்டும்."

"ஏன் மச்சாள்?"

"துணைக்குப் போறது எங்கட காயா இருக்க வேணும். இன்னும் நீ எங்கட ஆளாகேல்லை."

பகிடி என்று றோஸ்மேரி நிமிர்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. எதிரே இருந்த நீக்கிலாஸ் முதன்முறையாக அவளைக் கனிவோடு பார்த்தார். "அது உமக்கெண்டுதான் விட்டு வைச்சிருக்கு," என்றார். அந்தக் கனிவுக்காக அவள் அன்று முழுவதும் ஏங்கிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அது வந்துவிட்ட சந்தோசத்தில் மணிக்கட்டின் நோவைக்கூட மறந்தாள்.

பிறகு சத்தம் தொடங்கியது. எல்லோரும் வேலைக்குப் போன பகல்களில், சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது காலுக்கடியில் டொக் என்று கேட்கும். மரத்தில் மரம் மோதுகிற சத்தம். அதன்பின் ஒரு காய் சுழன்று சுழன்று ஓயும் சத்தம். பிறகு நீண்ட இடைவெளி. யாரோ யோசித்து யோசித்து ஆடுவதுபோல. ட்ரையருக்குள் பொத்தான் அடிபடுகிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ட்ரையர் ஓடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கீழே இறங்கிப் பார்த்த நாளில் சிவப்பு நடுவில் இருந்தது. அவளுடைய கதிரையின் பக்கம், பலகையில் தூவியிருந்த பவுடரில் ஐந்து விரல்களின் தடம். அவள் தன் வலது கையை அதன்மேல் பொருத்திப் பார்த்தாள். பெருவிரல் மறுபக்கம் இருந்தது. இடது கை.

முதல் பனி கொட்டிய காலையில் அன்புராசா வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தான். தேத்தண்ணியோடு போனாள். வெளிச்சத்தில், வெள்ளையில், கேட்பது சுலபமாக இருந்தது.

"அண்ணை, நீங்களோ சிவப்பை எடுத்து நடுவில வைக்கிறது?"

மண்வெட்டி நின்றது.

"ஜசிந்தா எப்பிடிச் செத்தவ எண்டு சொன்னவையோ?"

"ஹாட் அற்றாக் எண்டு."

"ஹாட்தான்." அவன் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். "அவ இடக்கைக்காரி. சிவப்பைப் போட்டவ. நல்ல அடி. அடிச்ச கையோட தலை பலகையில சாஞ்சிட்டுது. நான் அம்புலன்ஸுக்கு ரெலிபோன் அடிக்க ஓடினன். திரும்பி வரேக்க உன்ர மச்சாள் அவவின்ர தலையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, குழிக்குள்ள இருந்து சிவப்பை எடுத்து நடுவில வைக்கிறாள்."

"ஏன்?"

"நானும் கேட்டனான். பின்னுக்கு ஒண்டும் போடேல்லை, திருப்பி வைக்கத்தானே வேணும், உமக்குச் சட்டம் தெரியாதோ எண்டாள்." அவன் சிரித்தான். சிரிப்பு புகையாக வந்தது. "மூச்சு இருந்தது, தங்கச்சி. அந்த நேரம் அவவுக்கு மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்து அந்தச் சிவப்பைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவ."

அவளுடைய செருப்புக் காலுக்குள் பனி ஏறிக்கொண்டிருந்தது.

"அண்டையில இருந்து உது குழிக்குள்ள நிக்கிறேல்லை. பலகையைக் குப்பைக்கு வைச்சம். லொறி கொண்டு போனதைக் கண்ணால கண்டன். பின்னேரம் கீழ இருந்தது. சரி, கரமே வேண்டாமெண்டு நீக்கிலாஸ் உந்தக் கார் ஓட்டுற வீடியோ கேமை வாங்கிக்கொண்டு வந்து மேல பூட்டினவன். நாங்கள் மேல விளையாட விளையாடக் கீழ சத்தம் கூடினதுதான் மிச்சம். கூட்டத்தில சேர்க்காட்டி அவவுக்குக் கோவம் வரும். உயிரோட இருக்கேக்கயும் அப்பிடித்தான்."

"துணைக்கு ஒண்டு போட்டால் முடிஞ்சிடுமோ?"

"முடியுமெண்டுதான் எமில்டா சொல்லுறாள்." அவன் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து, அவள் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை நீட்டினான். "நல்ல தேத்தண்ணி. ஜசிந்தாவும் இப்பிடித்தான் போடுறவ."

அன்றிரவு, கலியாணம் வரைக்கும் அவளைப் படுக்க விட்டிருந்த எமில்டாவின் அறையில், அவளுடைய சீரான மூச்சுக்குப் பக்கத்தில், றோஸ்மேரி விழித்துக் கிடந்தாள். ஓடலாம். எங்கே? வாசலுக்கு வெளியே அவளுக்குத் தெரிந்தது பஸ் நிறுத்தம் மட்டும்தான். தம்பியின் முகம் லொட்ஜ் ஜன்னலில் நின்றது. பயத்தின் அடியில், சாம்பலுக்குள் தணல்போல, வேறொன்றும் இருந்தது. அதுதான் அவளை வெட்கப்படுத்தியது. அவர்கள் மூவராலும் முடியாததைத் தன்னால் முடியும் என்ற பெருமை அது. சிவப்புக்குப் பின்னால் அவள் ஒருநாளும் விட்டதில்லை. ஒரு காய். ஒரேயொரு காய் போட்டால் போதும். அந்தக் கதிரை தன்னுடையதாகும். நீக்கிலாஸ் தம்பியைக் கூப்பிடுவார். ஜசிந்தாவும் போய்விடுவாள்.

கலியாணம் கோயிலில் காலையில் முடிந்தது. விருந்தினர் போனதும் எமில்டா மேசையைத் துடைத்துவிட்டு, "வாங்கோ, ஒரு கை விளையாடுவம்," என்றாள். வெளியே வெளிச்சம் மங்கிப் பனி அடர்த்தியாகக் கொட்டத் தொடங்கியிருந்தது. விமானங்கள் நின்றுவிட்டிருந்தன. இந்த வீட்டில் இப்படியொரு அமைதியை அவள் கேட்டதேயில்லை.

கலியாணச் சேலையோடு இறங்கினாள். இடது கையில் புது மோதிரம் இறுக்கமாக இருந்தது. குஷனின் பள்ளம் சூடாயிருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

காய்கள் ஒவ்வொன்றாகக் குழிகளில் விழுந்தன. கடைசியில் பலகையில் இரண்டு காய்கள் மிஞ்சின. நடுவில் சிவப்பு. அவளுக்கு நேரே மூலையில், குழந்தைகூடப் போட்டுவிடக்கூடிய இடத்தில், அவளுடைய வெள்ளை.

"சிகரெட் ஒண்டு பத்திப்போட்டு வாறன்," என்று அன்புராசா எழுந்தான்.

"அடுப்பில தேத்தண்ணிக்குக் கேத்தில் வைச்சனான்," என்று எமில்டா எழுந்தாள். போகிறபோது றோஸ்மேரியின் சேலைத் தலைப்பை ஒழுங்கு செய்துவிட்டாள்.

"நீங்கள் இருங்கோவன்," என்றாள் றோஸ்மேரி புருசனிடம்.

நீக்கிலாஸ் சுற்றிவந்து அவள் தலையில் கை வைத்தார். பாரமான, சூடான கை. "போடும்," என்றார். "உம்மட தம்பியின்ர அலுவலை நான் திங்கக்கிழமை பாக்கிறன்." அவருடைய கண்கள் நனைந்திருந்தன. தனக்காக என்று நினைத்தாள்.

படிகள் முனகின. கதவு சாத்தும் சத்தம். பிறகு தாழ்ப்பாள்.

போடு. போட்டுவிட்டால் திறப்பார்கள்.

அவள் ஸ்ரைக்கரை வைத்தாள். சுண்டினாள். சிவப்பு ஒரு கோடாய்ப் போய்க் குழிக்குள் விழுந்தது. வலையில் விழுந்த சத்தம் கேட்டது.

ஃபர்னஸ் நின்றது.

பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். திரும்பக் கூடாது. பலகையை மட்டும் பார். வெள்ளை. அந்த ஒரு வெள்ளை. ஸ்ரைக்கர் போனது. வெள்ளை மூலைக்கு ஓடியது. விளிம்பில் ஒரு கணம். உள்ளே போனது.

சத்தம் கேட்கவில்லை.

காத்திருந்தாள். வலையில் விழவில்லை. தரையில் விழவில்லை. எங்கேயும் விழவில்லை.

நடு வட்டம் வெறுமையாக இருந்தது. சிவப்பு திரும்பி வரவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தாள். கத்திக் கூப்பிட வாயைத் திறந்தாள். அப்போதுதான் மேலே செபம் கேட்டது. மூன்று குரல்கள். மரித்தவர்களுக்குச் சொல்லும் செபம். எமில்டா முன்னால் சொல்ல மற்ற இரண்டும் தொடர்ந்தன.

ஜசிந்தாவின் ஆத்துமத்துக்காக.

றோஸ்மேரியின் ஆத்துமத்துக்காக.

"மச்சாள்!" என்றாள். "இஞ்சேருங்கோ! போட்டிட்டன்! ரண்டும் போட்டிட்டன்!"

செபம் நிற்கவில்லை. கொஞ்சம் உரத்தது, அவ்வளவுதான்.

காட்டவேண்டும். காயை எடுத்துக் காட்டினால் நம்புவார்கள். வெள்ளை போன குழிக்குள் இடது கை விரல்களை விட்டாள். உள்ளே வலை இல்லை. காய் இல்லை. இன்னும் ஆழமாய் விட்டாள். பவுடர் பூசிய, உலர்ந்த, குளிர்ந்த விரல்கள் அங்கே இருந்தன. அவை அவளுடைய விரல்களுக்கிடையில் ஒவ்வொன்றாக நுழைந்து கோத்துக்கொண்டன. மெதுவாக. வெகுநாள் காத்திருந்த ஒருத்தியின் ஆசையோடு.

இழுத்தாள். வரவில்லை. காய் மட்டுமே போகக்கூடிய அந்தத் துளைக்குள் மணிக்கட்டு போனது. இரத்தமில்லை. நோவில்லை. வளையல் மட்டும் விளிம்பில் தட்டி நின்று, பிறகு அதுவும் போனது. முழங்கை. அவளுடைய கன்னம் பலகையில் சாய்ந்தது. பவுடர் உதட்டில் ஒட்டியது. மரத்தில் ஒரு பழைய, புளித்த எச்சில் வாசம். துணைக்குப் போகிற காய் வெள்ளை அல்ல.

கண்கள் திறந்தபடியே இருந்தன. எதிர்ப் பக்கத்துக் குழி தெரிந்தது. அதற்குள்ளிருந்து ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது. வெள்ளையாய், பவுடர் பூசி. ஒரு விரல், இரண்டு விரல், புது மோதிரம் இறுகிய விரல். அவளுடைய கைதான். அதைக் கோத்துப் பிடித்தபடி, அதன் பக்கத்தில், இன்னொரு இடது கை. இரண்டும் சேர்ந்து பலகையில் ஊர்ந்து வந்து, நடு வட்டத்தில் படிந்து, அசையாமல் இருந்தன.

மேலே மூவரும் ஆமென் என்றார்கள். கேத்தில் கூவத் தொடங்கியது.