பெர்னார்டின் பக்கத்து நாற்காலி

அடுகோடி மைதானத்தில் கேலரிக்கு மேலே தகரக் கூரை போட்ட வர்ணனை அறை ஒன்று உண்டு. முனிகிருஷ்ணன் அதற்குள் ஏறி வந்தபோது மதியம் மூன்று மணி. பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த அறை. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே மட்டும் சுவரில் ஈரக் குளிர். புறா எச்ச நாற்றத்துக்கு அடியிலிருந்து லவங்க வாசனை மெல்ல எழுந்து வந்தது.

பெர்னார்ட் தொண்டைக்காக லவங்கம் மெல்லுவான். அவன் செத்து நாற்பது நாள் ஆகிறது.

"இங்க யார்ரா லவங்கம் தின்னது?"

"யாரு மாமா வந்தா? பூட்டையே இப்பத்தான் ஒடச்சேன்," என்றான் நரேஷ். நினைவுக் கூட்டத்தை நடத்துகிறவன் அவன்தான். மேசைமேல் மைக்கை வைத்து, ஒயரை வெளியே ஒலிபெருக்கிக்கு இழுத்தான். "கடைசியா நீங்க இங்கேர்ந்தே ரெண்டு வார்த்த பேசிடுங்க. அவருக்கு டீ வாங்கிக் குடுத்தவரு நீங்கதானே?"

முனிகிருஷ்ணன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

டீ! முப்பது வருஷம் பெர்னார்ட் ரேடியோவில் கால்பந்தாட்ட வர்ணனை சொன்னான். அவனுக்கு மைதானத்தின் பாதிக்கு மேல் கண் தெரியாது. ரேடியோக்காரர்களுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். பந்து யார் காலில், அடித்தவன் யார், விழுந்தவன் யார், எல்லாம் பக்கத்து நாற்காலியிலிருந்து முனிகிருஷ்ணன் அவன் காதில் ஓதியது. மைக்கில் விழாத அளவுக்கு, வெறும் மூச்சாக. மழையில் சேறு பூசி நம்பர் மறைந்தாலும், ஓடுகிற தினுசை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்.

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும் சொல்லிடாத முனி," என்று பெர்னார்ட் மாதா மேல் ஆணை வாங்கியிருந்தான். கட்டிய பெண்டாட்டியிடம்கூட இவர் மூச்சு விட்டதில்லை.

இப்போது அவன் உயிரோடு இல்லை. இன்றைக்கு ஊருக்கே சொல்லிவிடுவது என்றுதான் படியேறி வந்தார்.

கீழே கேலரியில் இருநூறு பேர் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். ரிட்டயர்ட் பஸ் டிரைவர் ஒருவர் கீழே இருந்த இன்னொரு மைக்கை வாங்கினார். "பெனால்ட்டி அடிக்கிற வரைக்கும் நான் பஸ்ஸ ஸ்டாப்லயே நிறுத்திட்டேங்க. ஒரு பாசெஞ்சர் வாயத் தொறக்கலியே! அந்தக் கோடியில ஓடுறவன் யாருன்னு பட்டுனு சொல்வாரு. கழுகுக் கண்ணு சார் அவருக்கு!"

கைதட்டல் தகரக் கூரையை அதிர வைத்தது.

அடுத்து எழுந்தது முத்தம்மா. முனிகிருஷ்ணனின் மனைவி.

"எங்க ஊட்டுக்காரரு பத்து வார்த்த சேத்துப் பேசின நாளே கெடையாது. ஞாயித்துக்கிழம பெர்னார்ட் சார் கொரலக் கேட்டா, எனக்கு அந்த வாரமே ஓடிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

முனிகிருஷ்ணன் மேலேயிருந்து அவளையே பார்த்தார். இவர் செத்தால் அவள் இப்படி அழுவாளா?

நரேஷ் கீழே போய்க் கையைக் காட்டினான். முனிகிருஷ்ணன் தன் பழைய நாற்காலியைத் தள்ளிவிட்டு, வேண்டுமென்றே பெர்னார்டின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்விட்சைப் போட்டார்.

இடது பக்கம் காலி நாற்காலி கிறீச்சிட்டது.

அவர் திரும்பவில்லை.

லவங்க வாசனை நெருங்கியது. காது மடலில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது.

"சொல்லாத, முனி."

"அவனுக்குக் கண்ணு தெரியாது, நான்தான் கண்ணு" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"வணக்கம் நேயர்களே!"

கனத்த குரல். வெண்கலக் குரல். அவர் தொண்டையிலிருந்து வந்தது. ஆனால் அவருடையது அல்ல.

நாக்கைக் கடித்தார். ரத்தம் உப்புக் கரித்தது. குரல் நிற்கவில்லை. காதுக்குள் மூச்சு ஓத ஓத, வாய் தானாகப் பேசியது. வெறும் மைதானத்தில் யாரோ ஓடினார்கள், யாரோ விழுந்தார்கள், கோல் விழுந்தது. இருநூறு பேரும் எழுந்து நின்று கதறினார்கள்.

நரேஷ் படியேறி ஓடி வந்து அவர் காலில் விழுந்தான். "மாமா! அச்சு அசல் அவரேதான் மாமா!"

ஈஜிபுரா வீட்டுக்குப் போகிற வரை ஆட்டோவில் முனிகிருஷ்ணன் வாயைத் திறக்கவில்லை. முத்தம்மா மட்டும் அவரை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

விளக்குப் போட்டதும் அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"அன்பு நேயர்களே..."

முத்தம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு, முட்டி இடிக்கிற நெருக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் பேசுங்க," என்றாள்.

எப்போதும் அவரை யோவ் என்று கூப்பிடுகிறவள்.

முனிகிருஷ்ணன் இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். உதடு பல்லில் அழுந்தியது. மூச்சுக்கூட வெளியே வரவில்லை.

அவர் தோளுக்குப் பக்கத்திலிருந்து, காலி இடத்திலிருந்து, அந்தக் குரல் மெதுவாகக் கூப்பிட்டது.

"முத்தம்மா."

"ம்," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "கேக்குறேன்."