முடிக்காதவரின் சொந்தப்படி

செவ்வந்தி என்ற அந்தப் பெண் வந்து அழைப்புமணியை அழுத்தியபோது தில்லைநாயகம் நூல் படிக்கும் கண்பலகையில் ஒரு நாவலின் பொருளடக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அந்த நாவலின் வெளியீட்டு விழாவில் அவர் அரை மணி நேரம் பேச வேண்டும். பொருளடக்கம், முதல் அத்தியாயம், நடுவில் கைக்கு வந்த ஒரு பக்கம். இருபத்தாறு வருட விமர்சன வாழ்க்கையில் இதற்கு மேல் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. மேடை ஏறினால் 'ஒரே மூச்சில் படித்தேன்' என்றுதான் ஆரம்பிப்பார். பத்துப் பக்கத்துக்கு ஒரு மூச்சு போதும் என்பதால் அதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

"மாரப்பனோட பொண்ணுங்க. 'எட்டாம் நம்பர் கிடங்கு' எழுதினாரே, அவரு."

பெயர் அவருக்கு உடனே நினைவு வந்தது. கதைதான் வரவில்லை. ஏழு வருடத்துக்கு முன் ஒரு மதிப்புரை எழுதியிருந்தார்.

"அப்பா எப்படி இருக்கார் அம்மிணி?"

"போன ஆடியில தவறிட்டாருங்க."

அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும். பவானியில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி சொன்னாள். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அப்பாவோட நாவல்ல பாவாயின்னு ஏழு அத்தியாயம் இருந்துதுங்க. அது எங்கம்மா. அவங்க நோயில போறப்ப எனக்கு ரெண்டு வயசு. எங்க வீட்டுல அவங்க படம் ஒண்ணுகூட இல்லை, குரலும் இல்லை. அந்த ஏழு அத்தியாயத்துல மட்டும்தான் இருந்தாங்க. அதை அப்பாவே வெட்டிப்போட்டாருங்க."

இப்போது தில்லைநாயகத்துக்குத் தன் மதிப்புரையின் வரி நினைவு வந்தது. 'பாவாயி என்ற தலைப்பில் தொடர்ந்து வரும் ஏழு அத்தியாயங்கள் நாவலின் குறுக்கே படுத்துக்கிடக்கின்றன. அவற்றைக் கத்தரித்தால் கதை நிமிர்ந்து நடக்கும்.' ஒரே தலைப்பு ஏழு முறை வருவதைப் பொருளடக்கத்தில் பார்த்தார், எழுதினார். தொய்வு என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம்.

"நீ அப்பவே படிக்கலையா?" என்று கேட்டார்.

"அப்ப எனக்குப் பதினாறு வயசுங்க. அப்பா எழுதறதையெல்லாம் படிக்கறதாங்கற திமிரு. அம்மாவைப் பத்திகூட அவருகிட்ட ஒருநாளும் கேட்டதில்லைங்க." அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்போதெல்லாம் விற்பது விழிநூல் மட்டும்தான். வாங்கியவரின் கண் பட்டால் எழுத்துத் தெரியும். அடுத்தவர் பார்த்தால் வெறும் பலகை. எழுதியவர் நினைத்த நேரத்தில் திருத்தலாம். திருத்தியதும் ஊர் உலகத்தில் உள்ள அத்தனை படிகளிலும் பழையது போய்ப் புதியது வந்து உட்கார்ந்துகொள்ளும். பழையதை விற்பனைக் களமான ஏட்டங்காடியும் வைத்துக்கொள்ளாது, எழுதியவரின் பலகையும் வைத்துக்கொள்ளாது. இது பிடிக்காதவர்களுக்காகச் சட்டம் ஒரு சின்ன சன்னலைத் திறந்து வைத்திருந்தது. காசு கொடுத்து வாங்கிய நூலைப் பெயர்ப்பான் என்ற கருவியில் இட்டு, சொந்தப் பயனுக்கு ஒரு படி எடுத்துக்கொள்ளலாம். சொந்தப்படி மாறாது, அழியாது. அதுவும் வாங்கியவர் கண்ணுக்கு மட்டுமே திறக்கும்.

"ஏட்டங்காடியில கேட்டேனுங்க. பழைய பதிப்பு உலகத்துலேயே ஒரே ஒருத்தர்கிட்ட இருக்குன்னு சொல்லி உங்க பேரைக் கொடுத்தாங்க. உங்களுக்கு அந்த நாவல் அவ்வளவு பிடிச்சிருக்கும், சொந்தப்படி எடுத்து வெச்சிருப்பீங்கன்னு நெனைச்சேன்."

தன்னிடம் ஏன் பழையது இருக்கிறது என்பது தில்லைநாயகத்துக்கு உடனே புரிந்துவிட்டது. பாதி படித்துக்கொண்டிருப்பவரின் நூலில் ஏட்டங்காடி கை வைப்பதில்லை. அவர் கடைசி வரியைத் தொட்ட பிறகுதான் மாற்றும். மற்றவர்கள் எல்லோரும் படித்து முடித்திருக்கிறார்கள். அவர் ஒருவர்தான் ஏழு வருடமாக இருபதாம் பக்கத்தில் நிற்கிறார்.

அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் நீட்டிய பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"ஆமா அம்மிணி, எடுத்து வெச்சிருக்கேன். எங்கேயோ பத்திரமா இருக்கு. தேடி எடுக்கோணும். ஞாயித்துக்கிழமை வா."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு அவருக்குத் தேள் கொட்டியது போல் இருந்தது.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி கோமதி வந்தாள். "நீங்க எந்தப் புஸ்தகத்துக்கும் படி எடுத்ததில்லையே."

"இப்ப எடுக்கிறேன்."

"அதுக்கு முதல்ல படிக்கோணுமாமே" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

கோமதி சொன்னது சரி. பூட்டைத் திறப்பது வாசகரின் கண். கண் படித்த வரியைத்தான் பெயர்ப்பான் படியெடுக்கும். தில்லைநாயகம் மறுநாள் விழாவுக்கு வர முடியாது என்று தொண்டையைக் காரணம் காட்டிச் சொல்லிவிட்டு, பெயர்ப்பானை வாடகைக்கு எடுத்து வந்தார். பழக்கதோஷத்தில் பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு வீச்சில் பார்த்துத் தள்ளினார். நாற்பது பக்கம் போன பிறகு படியைத் திறந்து பார்த்தால் பக்கத்துக்கு நான்கு வரிதான் இருந்தது. மீதியெல்லாம் வெள்ளை. இருபத்தாறு வருடமாகத் தான் எப்படிப் படித்திருக்கிறோம் என்று அவர் கண்ணால் பார்த்தது அன்றுதான். கூச்சமாக இருந்தது. கோமதி பார்த்துவிடப் போகிறாளே என்று, அவள் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது என்று அறிந்தும், பலகையைக் கவிழ்த்து வைத்தார்.

முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். விரலை வரியின் கீழ் வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போலப் படித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை பாவாயி வந்தாள். மஞ்சள் கிடங்கில் மூட்டை தைக்கிறவள். வேலை விட்டு வந்து எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கையில் மஞ்சள் போகாது. குழந்தையைத் தூக்கினால் சட்டையில் அவள் கைத்தடம் விழும். அந்தச் சட்டைகளைக் கணவன் துவைத்துக் காயப்போடுகிறான். தடம் போகவில்லை என்று முதலில் சலித்துக்கொள்கிறவன், மனைவிக்கு நோய் என்று தெரிந்த பிறகு ஒரு சட்டையை மட்டும் துவைக்காமல் எடுத்து வைக்கிறான். அந்த அத்தியாயத்தில் வேறு ஒன்றும் நடக்கவில்லை. படித்து முடித்தபோது அவர் முகம் நனைந்திருந்தது.

ஆறாம் அத்தியாயத்தில் பாவாயி யாரையும் தன்னைப் படம் எடுக்க விடவில்லை. குரலைப் பதியவும் விடவில்லை. 'பாத்தா, கொரலைக் கேட்டா புள்ள தேடும். ஒண்ணுமில்லைன்னா மறந்துட்டு வளந்துரும்' என்கிறாள். பிறந்ததிலிருந்து சுடுகாடு வரை எல்லோரும் எல்லாவற்றையும் பதிந்து வைக்கிற காலத்தில் அப்படி ஒருத்தி. அவளைக் காப்பாற்றி வைத்திருந்தது அந்த ஏழு அத்தியாயம் ஒன்றுதான். அதைத்தான் இந்த மனிதர் கத்தரிக்கச் சொன்னார்.

தொய்வு எங்கே என்று தேடினார். ஒரு பக்கமாவது இழுவையாக இருந்தால் மனசு ஆறும் என்று, வெட்கத்தை விட்டுத் தேடினார். கிடைக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் கடைசி வரியைத் தொட்டார். பெயர்ப்பான் மணியடித்தது. படி முழுசாக வந்திருந்தது. அதே நொடியில் கண்பலகையில் மூலநூல் கண்முன்னே கலைந்து, மெலிந்து, புதிய பதிப்பாகத் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் மாரப்பன் ஒரு புதிய முன்னுரை எழுதியிருந்தார். 'இந்த நாவலை வரி வரியாகப் படித்து, பின்பாதியின் குறையைச் சுட்டிக்காட்டிய விமர்சகர் தில்லைநாயகம் ஐயாவுக்கு நான் கடமைப்பட்டவன். வெட்ட மனம் வரவில்லை. ஆனால் படித்தவர் சொன்னால் கேட்க வேண்டும்.'

அவர் அன்று சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தி ஒரு நாற்பது பக்க நோட்டும் இரண்டு பேனாவும் கொண்டு வந்திருந்தாள்.

"படி உங்க கண்ணுக்குத்தான் தெரியும்னு தெரியுமுங்க. நீங்க வாசிங்க, நான் எழுதிக்கிறேன்."

காதால் கேட்டுக் கையால் எழுதுவதைத் தடுக்க ஏட்டங்காடிக்கு இன்னும் தோன்றவில்லை. தில்லைநாயகம் பலகையைக் கையில் எடுத்தார். மறுபடி கீழே வைத்தார்.

"அம்மிணி, ஒண்ணு சொல்லோணும். நான் இதை..."

"தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"பழைய பதிப்பு உங்ககிட்ட மட்டும் ஏன் இருக்குன்னு கேட்டேன். படிச்சு முடிக்காத படின்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க. இருபதாம் பக்கத்துல நிக்குதுன்னும் சொன்னாங்க."

"பொறகு எதுக்கு சொந்தப்படி இருக்குமேன்னு கேட்டே?"

"உங்களைத் தலைகுனிய வெச்சா நீங்க கதவைச் சாத்திருவீங்கன்னு பயந்தேனுங்க." அவள் நோட்டின் முதல் பக்கத்தை விரித்துத் தடவினாள். "நீங்க படிக்காததாலதான் எங்கம்மா போனாங்க. நீங்க படிக்காததாலதான் இன்னும் இருக்காங்க. உங்களைத் திட்டறதா, கும்பிடறதான்னு பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். ஒண்ணும் புரியலை. வாசிங்க."

திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டாள்.

வாசித்தார். காலையில் தொடங்கியது மதியம் தாண்டியும் நடந்தது. அவள் வேகமாக எழுதுகிறவள் இல்லை. அவர் ஒவ்வொரு வரிக்கும் காத்திருந்தார். மஞ்சள் கைத்தடம் வந்தபோது அவள் எழுதுவதை நிறுத்தி, தன் சட்டைத் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மறுபடி எழுதினாள். கோமதி வந்து சோறு போட்ட தட்டை ஓரமாக வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்று கேட்டாள்.

ஏழாம் அத்தியாயம். பாவாயிக்குக் கடைசி நாள். தில்லைநாயகத்தின் கண் ஒரு வரியில் போய் நின்றது. பாவாயி கணவனிடம் சொல்வது, நேற்று மௌனமாகப் படித்தபோதே தாங்க முடியாத வரி. அதை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? தாண்டி அடுத்த பத்தியை வாசித்தார்.

செவ்வந்தியின் பேனா நின்றது. "நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எங்கப்பா பேச்சு இப்படித் தாவாதுங்க. இருபது வருசம் கேட்டிருக்கேன்."

அவர் பலகையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தார். திரும்பிப் போய் அந்த வரியை வாசித்தார்.

"'இவ வளந்து என்னைப் பத்திக் கேட்டா, கேக்கற அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிப்போடு. அவளா கேக்காம நீயா சொல்லாதே.'"

செவ்வந்தி அதை எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

"இன்னொருக்கா வாசிங்க" என்றாள்.