பொன்னாடையில் யார் பெயர்?

ஜெயப்ரியா விழுந்து கிடந்தாள்.

கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்துச் சாமான் அறை. நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் வெள்ளை டி-ஷர்ட்டின் கழுத்தை நனைத்திருந்தது. டி-ஷர்ட்டில், 'புற்றுநோயை வெல்ல நடப்போம்' என்று பெரிய எழுத்து.

பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு உருண்டு கிடந்தது. பத்து மணிக்கு மேடையில் ஏற்ற வேண்டிய விளக்கு!

காலை ஆறே முக்காலுக்கு அறையைத் திறந்த கலியாணசுந்தரம் அலறிய அலறலில், வாசலில் கோலம் போட்டுக் கொண்டிருந்தவர்கள் மாவுக் கிண்ணத்தோடு ஓடி வந்தார்கள்.

உயிர் இருந்தது.

தண்ணீர் தெளித்ததும் ஜெயப்ரியா கண் திறந்தாள். உதடு அசைந்தது. கலியாணசுந்தரம் குனிந்தார்.

"புவனா ஆன்ட்டி..." என்றாள். "அவங்கதான் சார்..."

யாருக்கும் ஆச்சரியம் வரவில்லை. புவனேஸ்வரியின் கெட்ட நேரம் அதுதான்!

கலியாணசுந்தரம் ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார். வருஷா வருஷம் காஞ்சிபுரத்தில் புற்றுநோய் நிதிக்காக ஒரு நடை நடத்துகிறார். அறுபது தொண்டர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்ப்பார்கள், நிதி திரட்டுவார்கள். சம்பளம் கிடையாது. டீ கூடச் சொந்தச் செலவு. வெறும் நன்றியைச் சொல்லி அனுப்பினால் அடுத்த வருஷம் யார் வருவார்கள்? வாத்தியார் மூளையில் ஒரு யோசனை உதித்தது.

ராங்க் லிஸ்ட்!

தினமும் சாயங்காலம் வாட்ஸப் குரூப்பில் யார் முதல், யார் கடைசி என்று போட்டு விடுவார். நடை முடிந்த பிறகு நன்றி விழா. எல்லோருக்கும் சான்றிதழ். ஒரே ஒருவருக்கு மட்டும் பட்டுப் பொன்னாடை. அதில் அவர் பெயரையே ஜரிகையில் நெய்து தருவார்கள். மேடையில் பிரித்துக் காட்டும் வரை அந்தப் பெயர் பரம ரகசியம். நெய்கிறவருக்கும் வாத்தியாருக்கும் மட்டுமே தெரியும்.

நான்கு வருஷமாக அது புவனேஸ்வரிக்குத்தான் போனது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் வயிற்றுப் புற்றில் போன பிறகு, பிள்ளையார்பாளையமே அவளைப் பார்த்து 'பாவம்' என்றது. எங்கே போனாலும் பாவம். காய்கறிக் கடையில் கூட பாவம். முதல் பொன்னாடை தோளில் விழுந்த அன்றுதான் பாவம் போய்க் கைத்தட்டல் வந்தது. நான்கையும் பீரோவில் அடுக்கி வைத்திருந்தாள். ஐந்தாவதுக்கு இடமும் ஒதுக்கி விட்டாள்.

அங்கேதான் வந்து குதித்தாள் ஜெயப்ரியா!

முசரவாக்கத்துப் பெண். இருபத்து நான்கு வயது. அப்பாவுக்கு நெல் வயல். போனில் ரீல்ஸ் போட்டே ஆள் சேர்த்தாள். நாற்பது நாளும் லிஸ்ட்டில் அவள் முதல். புவனேஸ்வரி இரண்டாவது.

புவனேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் சிரித்தால் வயிறு எரிந்தது. சிரிக்காமல் போனால் திமிரைப் பார் என்று எரிந்தது. போன வாரம் குரூப்பில் எல்லோரும் ஜெயப்ரியாவுக்குக் கைத்தட்டல் படம் அனுப்பிய போது, பொறுக்க மாட்டாமல் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள்.

"ஆடட்டும்... ஆடட்டும். எப்டி மேடை ஏறுதுன்னு நானும் பாக்குறேன்."

இப்போது அது அறுபது போன்களில் பத்திரமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் மஹாலட்சுமி ஏழேகாலுக்கு வந்தார்.

ஆம்புலன்ஸ் நர்ஸ் நெற்றிக்குக் கட்டுப் போட்டுவிட்டு, காயம் ஆழமில்லை, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்து விடலாம் என்றாள். ஜெயப்ரியா நகரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று பிடிவாதமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை மணிக்குமா?" என்றார் மஹாலட்சுமி.

"ஆறே கால் மேடம். வெளக்கு தொடைச்சிக்கினு இருந்தேன். பின்னாடி அவங்க ஸ்கூட்டி சத்தம். திரும்பிப் பாத்தா ஆன்ட்டி. வெளக்கைப் புடுங்கி ஒரே அடி..."

"அப்புறம்?"

"கண்ணு இருட்டிக்கினு வந்திருச்சு. பின்தெரு வழியா ஸ்கூட்டி போற சத்தம் மட்டும் கேட்டுது. ஃபுல் ஸ்பீடு."

வாசலில் கேமரா இருந்தது. ஐந்து மணிக்கு ஜெயப்ரியா உள்ளே வந்தது பதிவாகியிருந்தது. ஆறே முக்கால் வரை வேறு யாரும் அந்த வழியாக உள்ளே வரவில்லை. பின்பக்கம் கேமரா கிடையாது. கதை கச்சிதமாகப் பொருந்தியது.

புவனேஸ்வரியைக் கூட்டி வந்தார்கள்.

அதற்குள் தொண்டர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அறுபது வெள்ளை டி-ஷர்ட். அவளும் அதே டி-ஷர்ட்தான் போட்டிருந்தாள். ஆனால் அவள் நடந்து வர வர, கூட்டம் ஒதுங்கிக் கொண்டே போனது.

ஆறே காலுக்கு எங்கே இருந்தாய் என்று மஹாலட்சுமி கேட்டார்.

"வூட்ல. தூங்கினு இருந்தேன்."

"யாரு பாத்தாங்க?"

"தனியா இருக்கறவ தூங்கறதை யாரும்மா பாப்பாங்க?"

மஹாலட்சுமி அந்த வாய்ஸ் மெசேஜை ஓட விட்டார். மண்டபம் முழுக்க அவள் குரலே எதிரொலித்தது. புவனேஸ்வரி தலை குனியவில்லை.

"ஆமாம்மா, எரிஞ்சிது. நாலு வருசமா வெயில்ல நடந்து நடந்து என் காலு தேஞ்சி போச்சு. இது ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கினு போன்ல பல்லைக் காட்டி பேர் வாங்குது. எரியாதா? ஆனா நான் அடிக்கல."

காரணம் இருந்தது. மிரட்டல் இருந்தது. நெற்றி உடைந்த சாட்சி எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. கொலை முயற்சி, ஜாமீன் சுலபத்தில் வராது என்று மஹாலட்சுமி விளக்கமாகச் சொன்னார். ஆறே காலுக்கு எங்கே இருந்தாய் என்று மறுபடியும் கேட்டார்.

புவனேஸ்வரியின் வாய் ஏதோ சொல்லத் திறந்தது... மூடிக் கொண்டது.

"வூட்லதாம்மா."

மஹாலட்சுமி எழுந்து, தாழ்ப்பாள் போடாமல் சாத்தியிருந்த பின்கதவுக்குப் போனார். கதவைத் தள்ளினார். வெளியே வைக்கப் போன காலைச் சட்டென்று பின்னால் இழுத்தார்.

தெருவே இல்லை! தெரு முழுக்கப் பட்டு!

மண்டபத்து முனையிலிருந்து அந்தக் கோடி வரை நெசவுக்கான அரக்கு நிறப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். இடுப்பு உயரத்தில் ஆயிரக்கணக்கான இழைகள். பத்துப் பேர் இரு பக்கமும் நின்று கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து கொண்டிருந்தார்கள். சுவரோரம் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கலாம், அவ்வளவுதான். காய்ந்து சுருட்டும் வரை அந்தத் தெருவில் வண்டி கிடையாது. மாடு வந்தால் மாட்டையும் திருப்பி அனுப்பி விடுவார்கள். தறிக்குப் போக வேண்டிய நூல் அது, ஒரு வீட்டின் இரண்டு மாதப் பிழைப்பு.

கஞ்சிக் கையோடு நிமிர்ந்தார் நெசவாளி குமாரசாமி. பொன்னாடை நெய்கிறவரும் அவர்தான்.

"பாவு எத்தனை மணிக்குக் கட்னீங்க?"

"அஞ்சரைக்கும்மா. வெயில் ஏறங்காட்டியும் முடிக்கணும்ல."

"ஆறே காலுக்கு ஒரு ஸ்கூட்டி இப்டி போச்சா?"

குமாரசாமி சிரித்து விட்டார்.

"போயிருந்தா நீங்க வேற கேசுக்குல்ல வந்திருப்பீங்க."

அத்தோடு அவர் நிறுத்தவில்லை. புவனேஸ்வரி வந்தது நிஜம்தான் என்றார். ஆனால் நடந்து வந்தாள். ஆறு மணிக்கு அந்தக் கோடியிலிருந்து சுவரோரமாக வந்து, கால் வலிக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்து விட்டுப் போகிறேன் என்று அவருடைய வீட்டுக்குள் போனாள். வீட்டில் எல்லோரும் பாவுக்கு நின்றதால் உள்ளே யாரும் இல்லை. ஆறரைக்கு வெளியே வந்து, வந்த வழியே போய் விட்டாள். மண்டபத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்துப் பேரும் பார்த்தார்கள்.

மஹாலட்சுமி திரும்பி வந்தார். ஜெயப்ரியாவுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஸ்கூட்டி பாவு மேல பறந்து வந்துச்சாமா?"

ஜெயப்ரியா விழித்தாள். அவளுக்கு நெல் தெரியும், போன் தெரியும். பாவு தெரியாது. மூடின கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை!

"உன்ன நீயே அடிச்சிக்கினியா?"

கட்டுக்குக் கீழே கண்ணீர் இறங்கியது.

"மெதுவாத்தான் மேடம் அடிச்சேன்... அது ரொம்ப வெயிட்டா இருந்துச்சு."

கூட்டம் திகைத்தது. முதல் இடத்தில் இருக்கிறவளுக்கு இந்த வேலை எதற்கு?

அழுகைக்கு நடுவே அவளே சொன்னாள். பத்து நாளுக்கு முன்னால் பொன்னாடை நெய்வதை ரீல்ஸ் எடுக்கலாம் என்று குமாரசாமி வீட்டுக்குப் போயிருக்கிறாள். ரகசியம் என்று அவர் தறியைத் துணி போட்டு மூடி விட்டார். ஆனால் மேலே, கட்டம் போட்ட தாளில் பெயரை வரைந்து மாட்டியிருந்ததை எடுக்க மறந்து விட்டார்.

"அதுல இருந்தது என் பேர் இல்ல மேடம். அவங்க பேரு. நாப்பது நாளும் ஃபர்ஸ்ட் நானு... பொன்னாடை மட்டும் அவங்களுக்கா? அஞ்சாவது தடவையும்? அவங்கள போலீஸ் புடிச்சா எனக்குத்தானே குடுப்பாங்கன்னு..."

அறுபது தலைகளும் கலியாணசுந்தரத்தின் பக்கம் திரும்பின.

லிஸ்ட் சும்மா உசுப்பி விடுவதற்காக மட்டும்தான் என்றார் வாத்தியார். பொன்னாடையை முடிவு செய்வது நிதி உதவி பெறும் நோயாளிகள். யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தவள், வாந்தி எடுத்த போது பக்கெட்டைப் பிடித்தவள், வீட்டில் சொல்ல முடியாத பயத்தைச் சொல்லக் கேட்டவள் என்று எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். ஐந்து வருஷமாக அதே பெயர்.

"அந்த லிஸ்ட்டு ஒரு மோட்டிவேஷன் மேடம்... வேற ஒண்ணும் இல்ல."

யாரோ கை தட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். ஒதுங்கிப் போன கூட்டம் இப்போது புவனேஸ்வரியை நெருங்கி வந்து தோளைத் தொட்டது.

அவள் சிரித்திருக்க வேண்டும். முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போய், அப்படியே தரையில் உட்கார்ந்து விட்டாள்!

மஹாலட்சுமி அவளையே பார்த்தார்.

"அந்தப் பொண்ணு ஏன் பொய் சொல்லிச்சுன்னு தெரிஞ்சி போச்சு. நீ ஏம்மா சொன்னே? பத்து சாட்சி இருக்குது. ஜெயிலுக்குப் போவேன்னு நான் சொன்னப்பக்கூட வூட்ல தூங்கினேன்னுதானே சொன்னே?"

புவனேஸ்வரி பின்கதவையே பார்த்தாள்.

பின்கதவு வழியாகக் குமாரசாமி உள்ளே வந்தார். விழாவுக்கு நேரமாகிறது என்று, நேற்றே மடித்து வைத்திருந்த பொட்டலத்தை வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார். கலியாணசுந்தரம் சந்தோஷமாக வாங்கினார். இனி என்ன ரகசியம் என்று செய்தித்தாளைப் பிரித்தார். பட்டைப் பிடித்து உதறினார்.

நான்கு துண்டாக விழுந்தது!

ஒரு துண்டில் 'புவனே'. இன்னொரு துண்டில் 'ஸ்வரி'.

குமாரசாமி ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். வெட்டின ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு புவனேஸ்வரியைப் பார்த்தார்.

"பத்து நாள் நெசவும்மா இது," என்றார். "பிரிச்சிப் பாத்திருக்கக் கூடாதா?"

"எப்டிப்பா பாப்பேன்?" என்றாள் அவள். "அவ பேரை ஜரிகையில பாக்குற தெம்பு எனக்கு இல்லப்பா. மடிப்போடயே கத்திரி போட்டேன். திரும்ப பேப்பர்ல சுத்தி வெச்சிட்டு வந்துட்டேன். இத்தனை பேர் முன்னாடி இதைச் சொல்றதுக்கு ஜெயிலே தேவலைன்னு இருந்துச்சு."

அவளைப் பாவம் என்று சொல்லக்கூட யாருக்கும் வாய் வரவில்லை.

முதலில் பேசியது ஜெயப்ரியா. தலைக்கட்டைப் பிடித்துக் கொண்டு துண்டுகளையே வெறித்தாள்.

"ஆன்ட்டி... இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் வூட்லயே தூங்கியிருப்பேனே."

மஹாலட்சுமி தொப்பியை மாட்டிக் கொண்டு எழுந்தார். ஸ்கேன் முடிந்ததும் ஜெயப்ரியா ஸ்டேஷனுக்கு வர வேண்டும், பொய்ப் புகாருக்குத் தனியாக எழுதித் தர வேண்டும். பட்டு விஷயத்தைக் குமாரசாமி எழுதிக் கொடுத்தால் புவனேஸ்வரியும் வர வேண்டும் என்றார். குமாரசாமி யோசித்துச் சொல்கிறேன் என்று பாவுக்குத் திரும்பினார்.

கலியாணசுந்தரம் கையைப் பிசைந்தார். மணி எட்டாகப் போகிறது. பத்து மணிக்கு விழா. அடுத்த வருஷம் தொண்டர்களை வேறு எப்படி மேடம் உற்சாகப்படுத்துவது என்று கேட்டார்.

"எப்டி வேணா பண்ணுங்க சார்," என்று ஜீப்பில் ஏறினார் மஹாலட்சுமி. "ஆனா யாருக்காவது நன்றி சொல்றதா இருந்தா மூணு நாள் முன்னாடியே ஸ்டேஷன்ல மனு குடுத்துருங்க. பந்தோபஸ்து போடணும்."